கடலைப் பார்த்துப் படகைத் தேர்க

அன்புள்ள தங்கைக்கு,

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த ஓர் இளம்பெண் பாய்மரப் படகில் வங்கக் கடலைக் கடக்க விரும்பினால், அவள் கைக்குக் கிட்டும் நூல்களில் பெரும்பாலானவை வட அட்லாண்டிக் கரையோரத்தில் வாழ்ந்தவர்கள் தங்கள் கடலை மனத்தில் இருத்தி எழுதியவையாகவே இருக்கும். குளிருக்கு அடக்கமான அறை, சூடேற்றும் அடுப்பு, ஆழமான துறைமுகங்கள், நாள் தவறாமல் வீசும் வலுவான காற்று ஆகியவற்றை இயல்பெனக் கொண்டு அவர்கள் வகுத்த விதிகளை அப்படியே ஏற்றுப் படகு வாங்குபவர், மலாக்கா நீரிணையின் சேற்றிலும் வெக்கையிலும் காற்றே இல்லாத பகல்களிலும் திண்டாடிப் போவார். அந்நூல்கள் தவறானவை என்பதன்று இதன் பொருள். அவற்றுள் பல பெரும் அனுபவத்தில் விளைந்தவை. ஆயினும் எந்தக் கடலில், எந்த மாதத்தில், எத்தனை பேருடன் செல்லப் போகிறோம் என்ற கேள்விக்கு விடை கண்ட பின்னரே எந்தப் படகு என்ற கேள்வி எழ வேண்டும் என்பதால், இக்கடிதம் படகை விட்டுக் கடலிலிருந்து தொடங்குகிறது.

நெடும்பயணப் படகு என்பது, கரையிலிருந்து உதவி எதுவும் எட்டாத தொலைவில், வாரக்கணக்கில் தன் ஆட்களுக்கு உறைவிடமாகவும் ஊர்தியாகவும் இருந்து, புயலில் அகப்பட்டாலும் மூழ்காமல் மிதந்து, உடைந்ததைக் கடலிலேயே சீர்செய்துகொள்ள இடமளிக்கும் பாய்மரப் படகைக் குறிக்கும். வார இறுதியில் கரையோரம் உலாவிவரும் படகும் தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும். விளம்பரப் படங்களில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாடெல்லாம் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இடங்களில், நீருக்கு அடியிலும் தளத்தின் உட்புறத்திலும், மரப்பலகைகளை அகற்றினால் மட்டுமே தெரியும் இணைப்புகளிலும்தான் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கடைசி நிலையமான கிள்ளான் துறைமுகத்தில் இறங்குபவர், பூலாவ் கெத்தாம் தீவுக்குப் படகு புறப்படும் துறைக்கு நடந்தே சென்றுவிடலாம்; அரச சிலாங்கூர் யாட் கிளப்பும் அந்தக் கரையிலேயே இருக்கிறது. அங்கு நின்று அரை நாள் நீரை மட்டும் கவனித்தாலே பல பாடங்கள் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் மாறுகிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் சதுப்புச் சேறும் அலையாத்தி வேர்களும் தெரியும். ஓதநீரோட்டம் வலுவாக இருப்பதால், அதை எதிர்த்து மெதுவான படகு ஒன்று நகர முயன்றால் எஞ்சின் ஓடினாலும் கரை நகராது. நீரிணைக்குள் சென்றால், உலகின் மிக நெருக்கமான கப்பல் பாதைகளுள் ஒன்று குறுக்கே கிடக்கிறது. கிள்ளானுக்கு மேற்கேயுள்ள ஒன் ஃபேதம் பேங்க் திட்டை அடுத்துப் பெருங்கப்பல்களுக்கென ஒதுக்கப்பட்ட வழித்தடத்தில் சிறு படகு நுழைவது உயிருக்கு ஆபத்து. அந்தத் தடத்தைத் தவிர்த்துக் கரையோரமாகச் சென்றாலோ மீன் வலைகள். பகலில் சிறு கொடிகளாலும் இரவில் மினுக்கும் சிறு விளக்குகளாலும் அடையாளமிடப்பட்ட மிதவை வலைகள் எத்திசையில் நீண்டு கிடக்கின்றன என்பதை ஊகித்து விலகுவது இந்நீரிணையில் ஒவ்வோர் இரவும் செய்யவேண்டிய வேலை.

காற்றோ, பல நாள்கள் இருக்கவே இருக்காது. இருந்தால், தென்மேற்குப் பருவ மாதங்களில் சுமத்திரா என்றே பெயர் பெற்ற திடீர்ப் புயற்காற்று, பெரும்பாலும் விடியலுக்கு முன், கரிய மேகவரிசையாக மேற்கிலிருந்து வந்து, சில நிமிடங்களில் அமைதியான கடலைக் கலக்கி, மணிக்கு 40 கடல் மைல் வேகத்தைத் தொட்டு, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இடி மின்னலுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கும் அதன் கடற்கரையும் பெயர் பெற்றவை. திறந்த நீர்ப்பரப்பில் மிக உயர்ந்த பொருள் படகின் பாய்மரமே என்பதால், மின்னலைக் கடலுக்குள் இறக்கும் தடித்த செம்புக் கம்பித் தொடர் படகில் உள்ளதா என்பதை இங்கு வாங்குபவர் முதலிலேயே கேட்க வேண்டும்.

இந்த நீரிணையைக் கடந்து வங்கக் கடலுக்குள் சென்றால் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று சீராக வீசும். லங்காவியிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 1,100 கடல் மைல். மேற்கு நோக்கிச் செல்லும் படகுக்கு அந்தக் காற்று வலப்பக்கப் பின்புறத்திலிருந்து கிடைக்கும், இது பாய்மரத்துக்கு மிக உவப்பான கோணம். வங்கக் கடலின் புயல்கள் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மிகுதியாகத் தோன்றுவதால், ஜனவரி, பிப்ரவரியே புறப்படத் தக்க காலம். கடாரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சென்றுவந்த மரக்கலங்களும் இந்தப் பருவத்தையே நம்பின. உன் கொள்ளுப்பாட்டி ஒருவேளை ரஜூலா போன்ற நீராவிக் கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியிருக்கலாம்; 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் பருவத்துக்குக் காத்திராமல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த வழியில் ஓடியது. பாய்மரத்தை நம்பித் திரும்பிச் செல்பவரோ மீண்டும் பருவத்தின் கணக்குக்கு வந்துவிடுகிறார்.

ஆகவே இங்கிருந்து புறப்படும் படகுக்கு இருவகைக் கடமை உண்டு. காற்றில்லாத, ஆழமற்ற, வலை நிறைந்த நீரில் எஞ்சினால் நாள்கணக்கில் நகர வேண்டும். பின்னர் திறந்த கடலில் பத்துப் பன்னிரண்டு நாள்கள் பாயை மட்டும் நம்பி ஓட வேண்டும். இரண்டையும் நன்றாகச் செய்யும் படகு அரிது. ஒன்றில் சிறந்து மற்றொன்றில் தாங்கத்தக்க அளவில் இருப்பதே நல்ல தேர்வு.

அளவைப் பற்றிய கேள்வியே பலரையும் முதலில் வழிதவறச் செய்கிறது. பெரிய படகு பாதுகாப்பானது என்னும் எண்ணம் இயல்பாகத் தோன்றுவது. வரலாறு அதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வதில்லை. எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1968 ஜூன் 14 முதல் 1969 ஏப்ரல் 22 வரை அப்பயணத்தைச் செய்த ‘சுஹைலி’ வெறும் 32 அடிப் படகு. பம்பாயில் தேக்கால் கட்டப்பட்டது. அவர் விரும்பியது 53 அடி எஃகுப் படகு. அதற்குப் பணம் கொடுக்க ஆளில்லாததால் கையிலிருந்த படகிலேயே புறப்பட்டார். ஆனால் பம்பாயிலிருந்து இங்கிலாந்து வரை அதைத் தாமே ஓட்டி வந்திருந்ததால், அதன் ஒவ்வோர் ஆணியையும் அவர் அறிந்திருந்தார். நீர் கசிந்தபோது கடலில் இறங்கி நீருக்கடியில் பலகை இடுக்கை அடைக்கும் அளவுக்கு அந்த அறிவு இருந்தது. விரும்பிய படகு கிடைத்திருந்தால் அந்த அறிவு அவரிடம் இருந்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

தமிழர் நினைவில் நிற்கவேண்டிய மற்றொரு கலம் ‘அன்னபூரணி’. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு வங்கக் கடலில் வணிகம் செய்துவந்த, 89 அடி நீளமுள்ள இந்த இரட்டைப் பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் செலுத்தினர். 1938 ஆகஸ்டில் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது. ராபின்சன் கடலறியாதவர் அல்லர். 1928 முதல் 1931 வரை 32 அடி ‘ஸ்வாப்’ படகில் உலகைச் சுற்றி வந்திருந்தார். உலகக் கடல்களை அறிந்த ஒருவர் தேடி வந்து வாங்கத் தக்க கலத்தை வல்வெட்டித்துறை மேஸ்திரிகள் கட்டினர் என்பது பெருமைக்குரிய செய்தி. அளவைப் பொறுத்த செய்தியும் அதற்குள்ளேயே இருக்கிறது: 32 அடிப் படகை ஓரிரு கைகள் ஆண்டுவிடும், 89 அடிக் கப்பலுக்கு அதிலேயே பழகிய ஒரு குழு வேண்டும்.

இதற்கு எதிராக ‘தாரிணி’யைச் சுட்டலாம். இந்தியக் கடற்படையின் 56 அடிப் பாய்மரக் கலமான அதில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் இருவராகவே 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, ஃப்ரீமேண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29 அன்று திரும்பினர். ஒரு தமிழ்ப் பெண் ஹார்ன் முனையைப் பாயால் சுற்றி வந்தாள் என்பது இக்கடிதத்தைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சை நிமிரச் செய்யும். எனினும் அவர்களுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பயிற்சியும், ஒவ்வொரு துறைமுகத்திலும் பழுதுநோக்கக் காத்திருந்த ஒரு கடற்படையும் இருந்தன. இதே கலம் 2017–18இல் ஆறு பெண் அதிகாரிகளுடன் சுற்றிவந்தபோது சுக்கான் இயக்கும் பொறி பழுதாகி மொரீஷியஸில் நிறுத்த வேண்டியிருந்தது. அத்தகைய பின்துணை இல்லாத இருவருக்கு 33 முதல் 38 அடி வரையுள்ள படகே தக்கது என்பது இக்கடிதத்தின் துணிபு. ஒற்றைப் பாயின் பரப்பு 40 சதுர மீட்டரைத் தாண்டினால், காற்று திடீரென மிகும்போது அதைச் சுருக்க மின்பொறியோ கூடுதல் ஆளோ தேவைப்படும். விடியற்காலைச் சுமத்திராவில் இவ்விரண்டையும் எப்போதும் எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது நிலைப்பு. கவிழ்க்கப்பட்டால் படகு தானே நிமிருமா என்பதே இதன் சுருக்கம். ஒற்றை உடல் பாய்மரப் படகின் அடியில் கீல் எனப்படும் துடுப்புபோன்ற அடிக்கட்டை இருக்கிறது. அதில் ஈயமோ வார்ப்பிரும்போ பல டன் எடைக்குத் திணிக்கப்பட்டிருக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து நிற்பதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். ஆனால் பொம்மையைப் போலப் படகு எல்லாக் கோணத்திலும் நிமிர்வதில்லை. ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிச் சாய்ந்தால் நிமிர்த்தும் விசை அற்றுப்போய், படகு தலைகீழாக நிலைகொள்ளும். அந்தக் கோணத்துக்கு நிலைப்பு அற்றுப்போகும் கோணம் என்று பெயர். 90 பாகை என்றால் பாய்மரம் நீரைத் தொடும் நிலை. பெருங்கடலுக்குரிய முதல் வகுப்புப் படகுகளுக்கான பன்னாட்டுத் தரம், இந்தக் கோணம் 130 பாகையிலிருந்து படகின் எடையில் ஒவ்வொரு 1,000 கிலோவுக்கும் 2 பாகை கழித்துவரும் அளவுக்குக் குறையக் கூடாது என்கிறது. 7,600 கிலோ படகுக்கு இது ஏறத்தாழ 115 பாகை. எடை எவ்வளவாயினும் 100 பாகைக்குக் கீழே போகக் கூடாது.

இத்தகைய அளவீடுகள் அக்கறையோடு ஆராயப்பட்டதற்குப் பின்னணியில் ஒரு பெருந்துயரம் உண்டு. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. எதிர்பாராத புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்தனர். அகலமாகவும் எடை குறைவாகவும் கட்டப்பட்ட படகுகள் சில, கவிழ்ந்த பின் விரைவில் நிமிரவில்லை. அதன் பின் எளிய கணக்கு ஒன்று பரவலாயிற்று: படகின் அகலத்தை, அது இடம்பெயர்க்கும் கடல்நீர்க் கன அளவின் கனமூலத்தால் வகுத்தால் வரும் விடை 2ஐத் தாண்டக் கூடாது. 7.6 டன் எடையும் 3.35 மீட்டர் அகலமும் உள்ள படகு 7.4 கன மீட்டர் கடல்நீரை இடம்பெயர்க்கும். அதன் கனமூலம் 1.95, விடை 1.72. இது கடலுக்குரியது. அகலம் 4 மீட்டரும் எடை 7 டன்னும் உள்ள, உள்ளே விசாலமான புதிய படகுக்கு விடை 2.1. ஆனால் இக்கணக்கு எடை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்பதே இல்லை. ஒரு டன் ஈயம் கீலின் அடியில் இருந்தாலும் தளத்தின்மேல் இருந்தாலும் விடை ஒன்றே. எனவே இதை முதல் சல்லடையாக மட்டும் கொண்டு, நிலைப்புக் கோணத்தைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். அத்துடன், வாங்கிய பின் பாய்மர உச்சியில் ரேடாரும் பின்புறச் சட்டத்தில் சூரியத் தகடுகளும் தளத்தில் எரிபொருள் டப்பாக்களும் ஏறஏற, எழுதப்பட்ட கோணம் குறைந்துகொண்டே வரும் என்பதையும் மறக்கலாகாது.

கீலின் வடிவம் வெறும் அழகு சார்ந்ததன்று. பழைய படகுகளில் கீல் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை நீண்டு, அதன் பின்விளிம்பிலேயே சுக்கான் தொங்கும். இதை நீள்கீல் எனலாம். புதியவற்றில் கீல் குறுகிய துடுப்பாகவும், சுக்கான் வெகு பின்னால் தனித்து நீருக்குள் நீட்டிக்கொண்டும் இருக்கும். தனித்த சுக்கான் படகை விரைவாகத் திருப்பும். படகும் வேகமாக ஓடும். எதிர்க்காற்றில் ஏறுவதிலும் துறையில் பின்னோக்கிச் செல்வதிலும் நீள்கீல் அதற்கு ஈடாகாது. ஆனால் மலாக்கா நீரிணையின் வலைகள் இந்த வழக்கில் ஒரு சாட்சி. நீள்கீல் படகு வலைமேல் சென்றால் கயிறு கீலின் சரிவில் வழுக்கி வெளியேற வாய்ப்புண்டு, எஞ்சினின் சுழலியும் கீலின் மறைவில் இருக்கிறது. தனித்த சுக்கானும் வெளியே நீட்டிய சுழலியும் உள்ள படகில் அதே கயிறு இடுக்கில் மாட்டிக்கொள்ளும், நள்ளிரவில் கத்தியுடன் ஒருவர் நீரில் குதிக்க வேண்டியிருக்கும். 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட, 32 முதல் 36 அடி வரையுள்ள நீள்கீல் படகுகளை மட்டுமே அனுமதிக்கும், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயம், இவ்வகைப் படகுகள் தென்பெருங்கடலில் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை உலகறியச் செய்திருக்கிறது. இக்கடிதம் பரிந்துரைப்பது இவ்விரு கீல் வகைகளுக்கும் இடைப்பட்ட ஒன்றை: நடுத்தர நீளமுள்ள கீலும், முன்னால் ஒரு தாங்குகட்டையால் காக்கப்பட்ட சுக்கானும், 1.8 மீட்டருக்கு மேற்படாத அமிழ்வு ஆழமும் கொண்ட படகு இந்நீருக்கு மிகப் பொருந்தும்.

பாய்மரத்தைப் பற்றி அறிய மலேசியாவின் சொந்த வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். அஸ்ஹார் மன்சூர் ‘ஜாலூர் கெமிலாங்’ படகில் 1999 பிப்ரவரி 2 அன்று லங்காவியிலிருந்து தனியாகப் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 190 நாள்களில், ஆகஸ்ட் 11 அன்று அங்கேயே திரும்பினார். வழியில் பாய்மரம் உடைந்ததால் ஃபாக்லாந்துத் தீவுகளில் நின்று சீர்செய்ய நேர்ந்தது. 2018 செப்டம்பரில் கோல்டன் குளோப் பந்தயத்தின்போது, இந்தியக் கடற்படை அதிகாரியான அபிலாஷ் டோமியின் ‘துரியா’ இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புரண்டு பாய்மரங்கள் முறிந்தன. முதுகெலும்பு முறிந்து எழ முடியாமல் கிடந்த அவரை மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சு மீன்வளக் காவற்கப்பல் ஒன்று மீட்டது. சுஹைலியின் வடிவிலேயே கோவாவில் கட்டப்பட்ட அந்தப் படகின் உடல் உடையாமல் மிதந்ததே அவர் உயிரோடு கண்டெடுக்கப்பட்டதற்குக் காரணம். அதே மனிதர் 2022ஆம் ஆண்டுப் பந்தயத்தில், ரஸ்ட்லர் 36 வகையைச் சேர்ந்த நீள்கீல் படகில் மீண்டும் புறப்பட்டு, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து சேர்ந்தார். பாய்மரம் உடையக்கூடிய பொருள். உடல் உடையவே கூடாத பொருள். பணம் குறைவாக இருப்பின் அதை எங்கே முதலில் செலவிட வேண்டும் என்பதற்கு இதுவே விடை.

எஃகுக் கம்பி வடங்கள் பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கின்றன. வெப்பமண்டல உப்புக் காற்றில் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றை மாற்ற வேண்டும். விற்பவரிடம் வடங்கள் எப்போது மாற்றப்பட்டன என்று கேட்டு, ரசீதையும் கேட்பது முறை. ஒரே பாய்மரத்தின் முன் இரண்டு முன்பாய்களைக் கட்டத்தக்க கட்டர் அமைப்பு, காற்று மிகும்போது பெரிய பாயைச் சுருட்டிவிட்டுச் சிறியதோடு ஓட இடம் தருவதால், இருவர் செல்லும் படகுக்கு ஏற்றது. இரண்டு பாய்மரம் உள்ள கெட்ச் அமைப்பும் நல்லதே. ஆனால் வடமும் பாயும் இருமடங்காகப் பராமரிக்கப்பட வேண்டும். பின்புறத்தில் காற்றுத் தகட்டால் இயங்கி, மின்சாரமின்றித் தானே திசைகாக்கும் சுக்கான் கருவி பொருத்தப்பட்ட படகு கிடைத்தால், அது ஊதியம் கேட்காத மூன்றாவது ஆளுக்கு நிகர். பத்து நாள் ஓட்டத்தில் கையால் சுக்கான் பிடித்தே செல்வது இருவரை மூன்றாம் நாளே களைப்பில் வீழ்த்தும்.

உடல் எதனால் ஆனது என்பதில் இங்குள்ள பெரும்பாலோருக்குத் தேர்வு ஒன்றே: கண்ணாடியிழை. எஃகு உறுதியானது, ஆனால் கிள்ளானின் ஈரத்தில் உட்புறத்திலிருந்து துருவேறும். மரம் அழகு, ஆனால் வெப்பநீர்க் கடற்புழுக்கள் அதை விட்டுவைப்பதில்லை. கண்ணாடியிழைப் படகு பழையதாயினும் வாங்கத் தக்கது, சோதித்து வாங்கினால். மேல்தளம் பெரும்பாலும் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரத்தை வைத்துக் கட்டப்பட்டது. கைப்பிடிக் கம்பியின் அடி, கயிறு இழுக்கும் உருளையின் அடி என எங்கெல்லாம் திருகு துளைத்திருக்கிறதோ அங்கெல்லாம் மழைநீர் இறங்கி அம்மரத்தை மக்கச் செய்யும். சிறு பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் தளத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே சென்றால், நல்ல இடத்தில் கணீரென்ற கூர்மையான ஓசையும் மக்கிய இடத்தில் பொத்தென்ற மந்த ஓசையும் எழும். பிறகு அறைக்குள் இறங்கி, வடங்கள் படகுடலோடு இணையும் துருப்பிடிக்கா எஃகுத் தகடுகள் தளத்தை ஊடுருவும் இடத்தைக் கைவிளக்கால் பார்க்க வேண்டும். அங்கே தேநீர் வடிந்ததுபோன்ற பழுப்புக் கோடு மரப்பலகையில் இறங்கியிருந்தால், வெளியே பளபளக்கும் தகடு உள்ளே, காற்றுப்படாத இடத்தில், அரிக்கப்பட்டுக் கொண்டிருக்கிறது. தேக்குப் பலகை பதித்த தளம் விற்பனைப் படங்களில் மனத்தைக் கவரும். நூற்றுக்கணக்கான திருகுத் துளைகளும், நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாத சூடும் அதனோடு சேர்ந்தே வருகின்றன.

இரட்டை உடல் படகுகளைப் பற்றிக் கேட்கப்படும் என்பதால் ஒரு சொல். ஒரு மீட்டர் அளவே அமிழ்வதால் சேற்றுக் கழிமுகங்களுக்கு ஏற்றவை, சாய்வதில்லை, நிழலும் காற்றும் மிகுதி. கவிழ்ந்தால் மட்டும் தாமாக நிமிர மாட்டா. விலையும் துறைவாடகையும் மிகுதி. முதல் படகாக இதை வாங்க வேண்டாம்.

வாழ்வதற்கான வசதி என்பது இந்த வெக்கையில் காற்றோட்டத்தையே குறிக்கும். மழை பெய்யும்போதும் திறந்து வைக்கத்தக்க மேற்கதவுகள், ஓட்டுமிடத்தின் மேல் உறுதியான நிழற்கூரை, தளம் முழுவதையும் மூடும் துணிப்பந்தல் ஆகியவை இல்லாத படகில் உறக்கம் இராது. உறங்காத ஆட்கள் தவறு செய்வார்கள். நீருக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் எனக் கணக்கிட்டு, பத்து நாள் பயணத்துக்கு இருபது நாள் நீர் என்ற வழக்கப்படி, இருவருக்கு 160 லிட்டர் வேண்டும். அதுவும் ஒரே தொட்டியில் இல்லாமல் இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்க வேண்டும். கிள்ளான் துறைமுகத்திலிருந்து லங்காவிக்கு 200 கடல் மைலுக்கு மேல். காற்றே இல்லாவிட்டால் மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் 44 மணி நேரம் டீசல் எஞ்சின் ஓடும், மணிக்கு இரண்டரை லிட்டர் என்றால் 110 லிட்டர் எரியும். 150 லிட்டருக்குக் குறைந்த தொட்டி இங்கே போதாது. எஞ்சினைச் சுற்றி நான்கு பக்கமும் கை நுழையுமா, எண்ணெய் வடிகட்டியைப் படகு ஆடும்போதும் கழற்ற முடியுமா என்பதை வாங்குபவரே குனிந்து பார்க்க வேண்டும்.

மேற்கிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் கடலோடி வந்தவர்கள் பலர் லங்காவியிலேயே பயணத்தை முடித்துப் படகை விற்றுவிடுகின்றனர் என்பதால், நெடும்பயணத்துக்கு ஏற்கெனவே ஆயத்தமான படகுகள் இப்பகுதியில் நியாயமான விலைக்குக் கிடைக்கும். கையிருப்பில் மூன்றில் இரு பங்கை மட்டுமே விலையாகக் கொடுத்து, எஞ்சியதைப் பழுதுபார்க்க வைத்துக்கொள்வதும், அதன் பின் ஆண்டுதோறும் விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என எதிர்பார்ப்பதும் படகுடையோர் வழக்கம். விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவரை அமர்த்தி, படகைக் கரையேற்றி, அடிப்புறத்தைப் பார்க்கச் செய்யாமல் முன்பணம் தாண்டி ஒரு ரிங்கிட்கூடக் கைமாறக் கூடாது. முந்தைய உரிமையாளர்களின் விற்பனை ஆவணங்கள் இடையறாமல் இருக்கின்றனவா என்பதையும், லங்காவி வரிவிலக்குப் பகுதி ஆதலால் அங்கு வாங்கிய படகைச் சிலாங்கூருக்குக் கொண்டுவந்தால் சுங்கவரி என்னவாகும் என்பதையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்; பதிவைப் பற்றிய ஐயங்களுக்கு மலேசியக் கடல்துறையின் தலைமையகம் கிள்ளான் துறைமுகத்திலேயே இருக்கிறது.

இவை அனைத்துக்கும் முன், வாங்கும் எண்ணமின்றிப் பிறர் படகில் ஏறிப் பழகுவதற்கு ஒரு நல்ல வாய்ப்பு உன் வீட்டருகிலேயே இருக்கிறது. ராஜா மூடா சிலாங்கூர் பன்னாட்டுப் படகுப்போட்டி 1990 முதல், நவம்பர் மாதங்களில், கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கிப் பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில் முடிகிறது. இத்தகைய போட்டிகளில் பாய் இழுக்கக் கைகள் தேவைப்படும் படகுகள் இருக்கவே செய்யும். அந்த ஒரு வாரத்தில் வெவ்வேறு கீல், வெவ்வேறு பாயமைப்பு, வெவ்வேறு அறையமைப்பு ஆகியவற்றை ஓடும் நிலையிலேயே பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு முழுவதும் தேடி வாங்கிய படகை முதலில் நீரிணைக்குள்ளேயே ஓட்டி, உடைவதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி, நவம்பரில் லங்காவியில் கரையேற்றிச் சீர்செய்து முடித்தால், ஜனவரி முதல் வாரத்துப் பருவக்காற்றுக்குப் படகும் அதன் இரண்டு ஆட்களும் ஆயத்தமாக இருப்பர்.

அன்புடன்.